பசைமேல் போட்ட பழி

வெள்ளைப் பற்பசை எனக்கு இன்றைக்கும் ஆகாது. பச்சையாகவோ சிவப்பாகவோ வருவதைத் தேடித்தான் வாங்குகிறேன். வீட்டில் இதற்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் மலேசியாவின் புக்கிட் தெங்காவில் வேலை பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அங்கே ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் எஞ்சினியராக இருந்தேன். பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனிலிருந்து காலையில் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், அங்கே நிற்கும் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். நாங்கள் செய்தது லேசர். படத்தில் வில்லன் இரும்பை அறுப்பானே, அந்த லேசர் இல்லை. தொலைபேசிப் பேச்சையும் கம்ப்யூட்டர் செய்தியையும் கண்ணாடி இழை வழியாக அனுப்புகிற, உப்புக்கல்லைவிடச் சின்னதான ஒரு சில்லு. அதைத் தங்க முலாம் பூசிய ஒரு குட்டி உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடினால் அதற்கு மாட்யூல் என்று பெயர்.

ஒரே இழைக்குள் பல லேசர்கள் ஒன்றாக ஓடும். பினாங்குப் பாலத்தில் கார்கள் அவரவர் தடத்தில் ஓடுவதுபோல, ஒவ்வொரு லேசருக்கும் ஒரு நிறம், அதுதான் அதன் தடம். கண்ணுக்குத் தெரியாத நிறம்தான், ஆனாலும் நிறம். எங்கள் மாட்யூலின் பெருமை, வேண்டிய தடத்துக்கு அதை மாற்றிக்கொள்ளலாம் என்பது. மாற்றுவது சூட்டினால். சில்லைக் கொஞ்சம் சூடாக்கினால் நிறம் ஒரு பக்கம் நகரும், குளிரவைத்தால் மறுபக்கம் நகரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாம் சொல்லாமல் சூடு ஏறினாலும் அது நகரத்தான் செய்யும். பக்கத்துத் தடத்துக்காரன் மேல் போய் ஏறும். அப்புறம் இரண்டு பேருடைய பேச்சும் குட்டிச்சுவர்.

அதற்காகச் சில்லுக்கு அடியில் ஒரு கூலர் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அதன் மேல்பக்கம் குளிரும், கீழ்ப்பக்கம் சுடும். கூலர் சூட்டை அழிப்பதில்லை, மேலே இருப்பதைக் கீழே தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். தள்ளியதை வாங்கிக் கடத்திவிட அடியில் வழி இருக்கவேண்டும். ஆகவே கூலரின் அடிப்பக்கத்தைப் பெட்டியோடு சோல்டர் உருக்கி ஒட்டுவோம். பெட்டியை ஓர் அலுமினியப் பலகையில் வைத்துத் திருகுவோம். பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் காற்று நிற்காமலிருக்கப் பூசுவதுதான் அந்த வெள்ளைப் பசை.

அதைப்போல ஓர் அருவருப்பான பொருளை நான் தொட்டதில்லை. எண்ணெய் கசியும், சோப்புக்கு மசியாது. காலையில் ஒருத்தியின் விரலில் பட்டால் மத்தியானத்துக்குள் கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், கேன்டீன் கரண்டி, பஸ் இருக்கை எல்லாவற்றிலும் இருக்கும். ஒருநாள் என் மீ கோரெங் தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கீற்றைப் பார்த்தேன். அன்றோடு கேன்டீன் சாப்பாட்டை விட்டேன். வீட்டுக்குப் போனால் அப்பா என் காதுமடலில் அதைக் கண்டுபிடிப்பார். "பிள்ளை, உதை முதல்ல கழுவிப்போட்டு வா. பாக்க அரியண்டமாக் கிடக்கு," என்பார். அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். மகள் எஞ்சினியர் என்று ஊரெல்லாம் சொல்வார், தொழிற்சாலை என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடுவார்.

பசை பூசும் பகுதிக்கு லீடராக இருந்தவர் ஓர் அக்கா. நாற்பதைத் தாண்டியவர். கெடாவில் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, கல்யாணமாகிப் புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்தவர். என் சட்டைக் கையில் பசையைக் கண்டால், "என்ன தங்கச்சி, நலுங்கு வச்சிட்டாங்களா? மாப்பிள்ள யாரு?" என்று கேலி செய்தபடியே ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுவார். அவருடைய கணவர் லோரி ஓட்டியவர், விபத்தில் இடுப்பு போய்ப் படுத்துவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வேலையில்தான் அந்த வீட்டு உலை கொதித்தது. எங்கள் நாட்டுப் பணமான வெள்ளியின் மதிப்பு சரிந்து, எங்கே பார்த்தாலும் ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்த சமயம் அது. இந்த வேலை போனால் அவர் வயதுக்கு இன்னொன்று கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் மேனேஜர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். ஆங்கிலம் தவிர வேறு பாஷை தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களோடு சிரித்துச் சிரித்துக் கை குலுக்குவார். குலுக்கிய கையோடு, அவர்கள் கண்ணெதிரிலேயே கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொள்வார். அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றி எரியும். அக்காவுக்கோ அவர் 'தொரை'. "நம்ம கை பிசுபிசுன்னு இருக்குலா, தொடைக்காம என்ன செய்வாரு பாவம்?" என்று அவருக்கு வக்கீலாக நிற்பார்.

மேனேஜர் வந்து சில மாதத்தில், உற்பத்தியைக் கூட்டவேண்டும் என்று ஓவன் பெல்ட்டின் வேகத்தை ஏற்றச் சொன்னார். கூலரை ஒட்டும் சோல்டர் அந்த ஓவனுக்குள்தான் உருகி ஆறும். பெல்ட் மெதுவாகப் போனால், உருகிய சோல்டருக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள் வெளியேற நேரம் கிடைக்கும். விரட்டினால் குமிழ்கள் உள்ளேயே உறைந்துவிடும். குமிழ் இருக்கும் இடத்தில் சூடு இறங்காது. மீட்டிங்கில் இதைச் சொன்னேன். "உன் வேலை டெஸ்ட். ஓவன் உன் வேலை இல்லை," என்று பதில் வந்தது.

கொஞ்ச நாளிலேயே சூட்டு டெஸ்டில் மாட்யூல்கள் தடம் மாறத் தொடங்கின. அடியில் இருக்கும் பலகையை எழுபது டிகிரிக்குச் சூடாக்கி, அப்போதும் லேசர் தன் தடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சூட்டு டெஸ்ட். கீழே சூடு இறங்க வழியில்லாவிட்டால் கூலர் திணறும். திணறினால் இன்னும் மின்சாரம் இழுக்கும். அந்த மின்சாரமே இன்னும் சூடாக்கும். கடைசியில் குளிரவைக்க வந்ததே கொள்ளி வைத்துவிடும். திரையில் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து பக்கத்துத் தடத்தில் ஏறுவதை உட்கார்ந்து பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். "பசையை இன்னும் அதிகமாகப் பூசுங்கள்," என்றார். அக்காவிடம் அதைத் தமிழில் சொன்னவள் நான்தான். அந்தப் பசை மெல்லிசாக இருக்கும்வரைதான் சூட்டைக் கடத்தும், கனத்தால் போர்வை ஆகிவிடும். அதையும் மேனேஜரிடம் சொன்னேன். யார் கேட்டார்கள்? தொரை சொல்லிவிட்டார் என்று அக்காவும் அவர் ஆட்களும் அள்ளி அள்ளி அப்பினார்கள். சந்தனம் மிஞ்சினால் குண்டியிலும் தடவிக்கொள்வான் என்பார்களே, அந்தக் கதைதான். திருகை முறுக்கினால் நாலு பக்கமும் பிதுங்கி வழியும். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடியிருக்கிறேன்.

அப்படிப் பூசியும் மாட்யூல்கள் நிற்கவில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் பசையைவிட நாற்றம். டெஸ்ட் அறை ஏர்கானைப் பதினாறுக்கு இறக்கினார்கள். சூட்டுப் பலகைகளுக்கு எதிரே மேசை விசிறிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெண்கள் கேமரன் மலைக்குப் போகிறவர்கள் மாதிரி ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பலகையின் சூடு எழுபது என்று மீட்டர் காட்டும், பெட்டிமேல் குளிர்காற்று அடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் பாஸ். வாங்கியவர்கள் அவற்றை விசிறியில்லாத தகரப் பெட்டிகளுக்குள் பூட்டினார்கள். சில வாரத்தில் மாட்யூல்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகத் திரும்பி வந்தன.

வாங்கிய கம்பெனி காரணம் கேட்டது. யார் தலையையாவது உருட்டியாக வேண்டும். மேனேஜர், திரும்பி வந்த ஒன்றின் திருகைக் கழற்றிப் படம் எடுத்து மீட்டிங்கில் போட்டுக் காட்டினார். திரை நிறைய வெள்ளைப் பசை. "இதுதான் காரணம். பூசியவர்களிடம் ஒழுங்கு இல்லை," என்றார். அவரே சொல்லிப் பூசவைத்த பசை. அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள், விசிறி தூக்கி வைத்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் அவரவர் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பசைப் பகுதியின் லீடரை விசாரித்து நடவடிக்கை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். லீடர் என்றால் அக்கா.

திரும்பி வந்தவற்றில் சிலவற்றை எடுத்து மூடியை அறுத்துக் கூலரைப் பெயர்த்தேன். அடியில் சோல்டர், பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மடித்துத் தரும் அப்பம் பாலிக்கின் உட்பக்கம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. பழைய வேகத்தில் ஒட்டிய ஒன்றையும் பெயர்த்தேன். அது வழவழவென்று இருந்தது. பிறகு நல்ல மாட்யூல்களை எடுத்து, பசையை மெல்லிசாகவும் கனமாகவும் பூசி, விசிறி இல்லாமல் டெஸ்ட் செய்தேன். கனமாகப் பூசியபோது கூலர் கொஞ்சம் கூடுதலாக உழைத்தது, ஆனால் தடம் மாறவில்லை. ஓட்டை விழுந்த மாட்யூல்களோ எப்படிப் பூசினாலும் தடம் மாறின. குழந்தைக்குக்கூடப் புரியும். குற்றம் ஓவனில், ஓவனின் வேகத்தில், வேகத்தை ஏற்றியவரிடத்தில்.

விசாரணையில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் கேன்டீன் வாசலில் அக்காவைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, அங்க எதையும் ஒத்துக்காதீங்க. கூட பூசச் சொன்னாங்க, பூசினோம். அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"தொரை மூஞ்சிக்கு நேரா, நீங்கதான் சொன்னீங்கன்னு எப்படிலா சொல்றது?"

"உண்மைதான அது?"

"உண்மைதான். அதுக்காக?" என்றார் அக்கா. "எஸ்டேட்ல எங்கப்பாவப் பாத்து, ரப்பர்ப் பால்ல தண்ணி கலந்திருக்கன்னு தொரை கத்துவாரு. அப்பா கலந்திருக்க மாட்டாரு. ஆனா துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டு, தப்புதாங்க தொரைன்னு கும்புடுவாரு. அவரும் நாலு வசவு வஞ்சிட்டுப் போயிடுவாரு. மறுநாள் காலைல பெரட்டுல பேரு கூப்புடுவாங்க, எப்பயும்போல வேல இருக்கும். எதுத்துப் பேசுனவன் பேரத்தான் கூப்புட மாட்டாங்க, தங்கச்சி."

"இது எஸ்டேட் இல்லக்கா. இங்க ஒத்துக்கிட்டா முடிஞ்சுது."

"சரிலா, சரிலா. நீ சொன்ன மாதிரியே சொல்றேன். மூஞ்சத் தூக்கி வச்சிக்காத."

வீட்டில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பிள்ளை, உனக்கேன் உந்த வில்லங்கம்? மேலிடத்தோட கொளுவி ஆர் நல்லா இருந்தவை?" என்றார். எஸ்டேட்டில் அதற்குப் பெயர் பயம், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மரியாதை. இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

மறுநாள் விசாரணை அறையில் மேனேஜர், அக்கா, நான், ஆட்களை எடுப்பதையும் நீக்குவதையும் கவனிக்கும் பெர்சனல் ஆபீசர். பெர்சனல் ஆபீசர் தமிழர்தான். அப்பாவுக்குத் தெரிந்த குடும்பம், கோயில் கமிட்டியில் பெரிய கை. நெற்றியில் விபூதி, கழுத்தில் டை. தொழிற்சாலைக்குள் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழுந்து யாரும் கேட்டதில்லை. அவர் இருக்கும்போது மொழிபெயர்க்க என்னை ஏன் கூப்பிடவேண்டும்? பசை பூசுகிறவர்களோடு தமிழில் பேசுவது அவர் தகுதிக்கு இழுக்காம். அக்கா "வணக்கங்க" என்றதற்கு "குட் மார்னிங்" என்றார்.

நான் பெயர்த்த மாட்யூல்களைத் தட்டில் அடுக்கி, பூதக்கண்ணாடியோடு மேனேஜர் முன்னால் வைத்தேன். எது பழைய வேகம், எது புதிய வேகம் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் ஒற்றை விரலால் தட்டை என் பக்கம் தள்ளினார். "சோல்டரைப் பற்றிப் பேச நாம் இங்கே கூடவில்லை. அளவுக்கு மேல் பசை பூசினாளா, அதை மட்டும் கேள்," என்றார். பிறகு அந்த விரலைத் துடைத்துக்கொண்டார்.

கேட்டேன். "கூட பூசச் சொன்னாங்கல்ல, அதனாலதான பூசினீங்க, அக்கா?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தலையில் மாட்டியிருந்த தொழிற்சாலைத் தொப்பியைக் கழற்றினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்புதாங்க தொரை. கூடத்தான் பூசிட்டேன். இந்தத் தடவ மன்னிச்சுக்குங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அக்கா மேல் பாதி, கூப்பிய கையைப் பார்த்துக்கொண்டு சும்மா சாய்ந்திருந்த அந்த மனிதர் மேல் பாதி. அவருக்குப் புரியவில்லை, என் வாயைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "அதிகமாகப் பூசச் சொன்னது நீங்கள்தான், நீங்கள் சொன்னதால்தான் பூசினேன் என்கிறார்."

மேனேஜரின் முகம் சிவந்தது. அப்போது பெர்சனல் ஆபீசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அழகான ஆங்கிலம் அவருக்கு. "மன்னிக்கவேண்டும், அவர் அப்படிச் சொல்லவில்லை. தவறு தன்னுடையது, அதிகமாகப் பூசிவிட்டேன், மன்னியுங்கள் என்றுதான் சொன்னார்," என்றார்.

ஒரு சொல் பிசகாத மொழிபெயர்ப்பு. நான் சொன்னது அக்கா சொல்லாத உண்மை, அவர் சொன்னது அக்கா சொன்ன பொய். எனக்கு அவரைப் பார்க்கக் கூசியது. பசை வாளியை எடுத்து வந்து அந்த டையின்மேல் கவிழ்க்கவேண்டும் போல் இருந்தது. வருஷம் முழுவதும் தமிழ் தெரியாதவர் மாதிரி நடமாடியவருக்கு, ஓர் ஏழைப் பெண்ணின் வேலையைப் பிடுங்கும்போது மட்டும் தமிழ் எவ்வளவு துல்லியமாகப் புரிந்தது! மேனேஜர் அவருக்கு நன்றி சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று, இனிப் பேச ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டார். அன்றைக்கே அக்காவின் தொழிற்சாலை அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

வாசல்வரை நான் கூடவே போனேன். காவலர் கூண்டைத் தாண்டியதும் அக்கா நின்றார்.

"ஏன் தங்கச்சி மாத்திச் சொன்ன? எனக்கு இங்கிலீசு வராதுதான். தொரை மூஞ்சி மாறுனது தெரியாதா? நான் மன்னிப்பு கேட்டேன். நீ குறுக்க பூந்து பழியத் தூக்கி அவர் மேலயே போட்டுட்ட. இல்லன்னா நாலு வசவு வஞ்சிட்டு விட்டிருப்பாரு."

"உங்க வேலையத் தின்னது நான் சொன்னது இல்லக்கா, அந்த ஆபீசர் சொன்னது."

"அவரு நான் சொன்னதத்தான சொன்னாரு?"

அக்கா என்னோடு நிற்காமல் ரோட்டைத் தாண்டிப் போய், புக்கிட் மெர்தாஜாம் பஸ்ஸுக்கு வெயிலில் நின்றார். நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். இன்னொரு முறை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் அதையேதான் சொல்வேன், இன்னும் உரக்கச் சொல்வேன்.

கொஞ்ச நாள் கழித்து ஓவன் பெல்ட்டின் வேகத்தைச் சத்தமில்லாமல் பழையபடி குறைத்தார்கள். யாரும் எதையும் அறிவிக்கவில்லை. ஓவன் பக்கத்தில் போய் நின்று பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். புதிதாக வந்த மாட்யூல்கள் விசிறி இல்லாமலே தடத்தில் நின்றன. மேனேஜர் எல்லோரையும் கூட்டி, பசை பூசுவதில் வந்த ஒழுங்கினால் கிடைத்த வெற்றி இது என்று பேசி, கேக் வெட்டினார். அறையில் ஒரே கைதட்டல். என் கையில் கொடுத்த துண்டைத் தட்டோடு குப்பையில் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மெர்தாஜாமில் அக்கா வீட்டைத் தேடிப் போனேன். பசாரில் கோழிக் கடை ஒன்றில் அவருக்கு இறகு பிடுங்கும் வேலை கிடைத்திருந்தது, அதுவும் கூப்பிட்ட நாளைக்குத்தான். விரல்கள் வெந்நீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தன, வீடே கோழிக் கவிச்சி. உள்ளே கணவர் படுத்திருந்தார். பிள்ளைகளில் மூத்தவள் செருப்பு விற்கும் சப்பாத்துக் கடையில் வேலைக்குப் போய்விட்டாள் என்றார் அக்கா. எனக்குப் பால் சேர்க்காத தே-ஓ தேநீர் போட்டுக் கொடுத்தார். கோபமெல்லாம் ஒன்றும் காட்டவில்லை.

நான் ஒவ்வொன்றாக, அவருக்குப் புரியும்படி சொன்னேன். ஓவனை விரட்டியது, சோல்டரில் ஓட்டை விழுந்தது, இப்போது வேகத்தைக் குறைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. "உங்க கையில ஒரு தப்பும் இல்லக்கா. பசையால எதுவும் ஆகல. இப்ப அது நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு," என்றேன்.

அக்கா கடைசிவரை கவனமாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. இத்தனை நாளைக்குப் பிறகாவது புரிந்ததே என்று நினைத்தேன்.

"அப்ப மாட்யூல் எல்லாம் இப்ப நல்லா நிக்குது?"

"நிக்குது, அக்கா."

"அப்பன்னா தொரைக்கு இப்ப கோவம் தணிஞ்சிருக்கும்லா," என்றார். முந்தானையில் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கே வந்து இன்னொரு தடவ மன்னிப்பு கேட்டுடறேன். நீ மட்டும் அந்த ரூமுக்கு வந்துடாத, தங்கச்சி."